மெம்பர் அடிக்காத சூடம்

புருஷன் செத்துப்போன பிறகு படித்து, எங்கள் ஊர் ஜில்லா போர்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்தவள் நான். காரைக்குடியிலிருந்து மூன்று மைல். அந்த வேலையை நம்பித்தான் அம்மாவும் நானும் அடுப்பு மூட்டினோம். அதனால்தான் மெம்பர் முதல் தடவை என் கையைப் பிடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள எலெக்‌ஷனில் ஜெயித்து வந்த போர்டு மெம்பர் அவர். வாரம் தவறாமல் தணிக்கைக்கு வருவார். பிள்ளைகளின் சிலேட்டை அவர் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. இரண்டாம் தடவையும் கையைப் பிடித்தார். கரும்பலகை துடைக்கிற துணியை அவர் மூஞ்சியில் விட்டெறிந்தேன். அன்றைக்கே அவர் கட்சியின் தலைவருக்குக் கடிதாசி எழுதினேன்.

தலைவர் விசாரிக்க வந்தார். எங்கே தங்கினார் என்கிறீர்கள்? மெம்பர் வீட்டில்தான்! தலைவர்கள் வந்தால் அங்கே தங்குவதுதான் வழக்கமாம். காலையில் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுவிட்டு, சந்தைத் திடலில் மூடப்பழக்கங்களை ஒழிக்க வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் முழங்கினார். நானும் போய்க் கை தட்டினேன். மத்தியானம் அதே வீட்டில் விருந்து. ஏப்பம் விட்டு, வெற்றிலை போட்ட பிறகு விசாரணை. ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் ஜமக்காளத்தில் சாய்ந்திருக்க, நான் மட்டும் நின்றேன்.

"சாட்சி உண்டாம்மா?" என்றார் தலைவர்.

"சாட்சி வச்சுக்கிட்டா கையப் பிடிப்பாக?" என்றேன்.

"லீவு கேட்டுச்சு, நான் குடுக்கல. அந்தக் கோவந்தாங்க" என்று மெம்பர் பல்லிளித்தார்.

தலைவர் தாடையைச் சொறிந்தார். மெம்பரை விலக்கினால் போர்டில் கட்சிக்கு ஒரு ஓட்டுக் குறையும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. கடைசியில் சொன்னார்: "எதுக்கு வம்பு? ரெண்டு பேரும் கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணிடுங்க."

காலையில் ஒழித்த மூடப்பழக்கம் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிழைத்துக்கொண்டது! எரிகிற சூடத்தை அடித்து அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் வம்சம் விளங்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மெம்பர் அதற்கெல்லாம் பயப்படுகிற ஆளா?

எல்லோரும் கோயிலுக்குப் போனோம். முதலில் நான். தட்டில் எரிந்த சூடத்தை வலது உள்ளங்கையால் அடித்தேன். கை பொத்துப்போனது. அடுத்த சூடத்தை ஏற்றினார்கள். மெம்பர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, சிரித்தபடியே கையை ஓங்கினார்.

அவர் மனைவி ஆச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள். "ஐயோ, அடிக்காதீக! நம்ம வீட்டுல மூணு பிள்ளைக இருக்கு!"

சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. எனக்கு அந்த ஆச்சியின் காலில் விழலாம் போலிருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், "ஜெயிச்சுட்டேன்மா!" என்றேன். அம்மா அழுதுகொண்டே என் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

எட்டாம் நாள் போர்டுச் சேவகன் ஒரு உறையோடு வந்தான். உள்ளே தலைவரின் முடிவு இருந்தது. சூடம் அடிக்க மறுத்ததன் மூலம் மெம்பர் கட்சியின் கொள்கையைக் காப்பாற்றிவிட்டாராம், பாராட்டாம். ஊரறிய மூடப்பழக்கம் செய்த வாத்தியாரம்மா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தகுதியற்றவளாம். கூடவே என்னை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு. அதில் மெம்பர் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று சேவகன் நோட்டை நீட்டினான்.

உள்ளங்கைப் புண் ஆறவில்லை. பேனாவைப் பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த நான், இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்துக் கொடுத்தேன்.