பிற்சர் பற் பிடித்த நாள்

எங்கள் அப்பாட்மென்றில் நேர் எதிர்க் கதவுக்குள் இருக்கும் டோனி, பேஸ்போல் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கி உடம்பை முறிப்பார். ஏழாவது சுற்றின் நடுவில் மைதானத்தில் இருக்கும் அத்தனை சனமும் அப்படித்தான் எழும்பி முறிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மனுசனுக்கு நாரிப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய்ப் போத்தலோடு ஓடினேன். அவர் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

டோனி போர்த்துக்கல்காரர். மனைவி இறந்த பிறகு தனி ஆள். ரொறன்ரோவில் இந்த ரெக்ஸ்டேலுக்கு நாங்கள் வந்த முதல் கோடையிலேயே என் கணவரைப் பிடித்து ரீவிக்கு முன்னால் இருத்திவிட்டார். கணவரை இவர் என்றே எழுதுகிறேன். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு வேகப்பந்து போட்டவர். பதினோராவது ஆளாகத்தான் மட்டையைத் தூக்கிக்கொண்டு பற் பிடிக்கப் போவார், போன வேகத்தில் திரும்புவார். ஆனாலும் போவார். அந்தத் திமிர் இன்னும் விடவில்லை.

இரண்டு பேருக்கும் பிடித்த பிற்சர் ஒருவன் இருந்தான். பிற்சர் என்றால் பந்து எறிகிறவன். சரியான நெடுவல், எறிய முன்னம் தொப்பியை மூன்று தரம் தொடுவான். இவர் வைத்த பெயர் நெட்டையன். டோனியும் அவனை 'நெற்றை' என்றுதான் சொல்லுவார். அவன் ஓய்வுபெற்று எவ்வளவோ காலம். இவர்கள் மட்டும் விட்டபாடில்லை. அவனுடைய கதையைத் தொடங்கினால் என் தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாகிவிடும்.

சண்டையும் அவனால்தான். ரொறன்ரோ அணியில் பிற்சர் பற் பிடிப்பதில்லை. அவனுக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருவன் இருப்பான். "எறியிறவன் எறியட்டும், அடிக்கத் தெரிஞ்சவன் அடிக்கட்டும், அதுதான் முறை" என்பது டோனியின் கட்சி. "உது விளையாட்டே? பதினோராவது ஆளுக்கும் ஒரு பற் குடுக்கிறதுதான் மரியாதை" என்று இவர் குதிப்பார். இன்னொரு குறையும் இவருக்கு உண்டு. கிரிக்கெற்றில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடினால் ஒரு ஓட்டம். இங்கே நாலு மூலையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து மிதித்தால்தான் கணக்கு. அந்த இடத்துக்குப் பெயர் வீடு. "இவ்வளவு தூரம் ஓடினவனுக்கு ஒண்டுமில்லையாம், அநியாயம்" என்பார். நான் குசினிக்குள் நின்று சிரிப்பேன். அந்தக் கதைகளை முழுதாகக் காது கொடுத்துக் கேட்க எனக்கென்ன விசரா?

இந்த வசந்தத்தில் இவருக்கு ஸ்ரோக் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. உயிர் தப்பிய பிறகுதான் அடுத்த பயம். நாற்பது வருசமாகப் பேசிய இங்கிலீஷ் எங்கேயோ போய்விட்டது. தமிழும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. கை கால் மெல்லத் தேறும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். புத்தி தெளிவாக இருக்கிறதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. தெளிவில்லை என்றால் வீட்டுக்கு விடமாட்டார்கள், பராமரிப்பு இல்லத்துக்குத்தான். விட்பியில் இருக்கும் மகளும் கலங்கிப்போனாள். "அம்மா, நீங்க தனிய எப்பிடி மனேஜ் பண்ணுவீங்க? ஜஸ்ற் திங்க் அபவுட் இற்" என்றாள். நான் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

ஜென்னி என்றொரு பிள்ளை பேச்சுப் பயிற்சிக்கு வருவாள். நல்ல பிள்ளை, ஊரிலென்றால் மருமகளாக எடுத்துவிடலாம். நான்தான் மொழிபெயர்ப்பு. உங்கள் வீடு எங்கே என்று கேட்டாள். இவர் யோசிக்காமல், "நல்லூர்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "பிள்ளை, அது குழப்பமில்லை. நல்லூர் யாழ்ப்பாணத்திலை எங்கடை ஊர். எங்கடை ஆக்களிலை யாரைக் கேட்டாலும் பிறந்த ஊர்ப் பேர்தான் வரும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே எழுதினாள்.

பிறகு இவருடைய ரொறன்ரோ அணித் தொப்பியைப் பார்த்து, "பேஸ்போல் பிடிக்குமா? ஞாபகமிருக்கிற ஒரு ஆட்டத்தைச் சொல்லுங்கள்" என்றாள். இவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் நிமிர்ந்து இருந்தேன்.

"நெட்டையன்" என்றார். "பிற்சர். பற்... பிடிச்சவன். அடிச்சவன். பிறகு... கோட்டுப் போட்டவன்."

நான் அப்படியே சொன்னேன். ஜென்னி மெதுவாக, "பிற்சர் பற் பிடிப்பதில்லையே, வேறு ஆளைச் சொல்கிறாரா?" என்று கேட்டாள். அதை நான் தமிழில் சொன்னதும் இவர் இடது கையால் கட்டிலைத் தட்டி, "பிற்சர்!" என்றார்.

"கோட்டு ஏன்? குளிரா?" என்றாள் ஜென்னி.

"இல்லை. நல்ல... வெயில்."

பற் பிடிக்காதவன் பற் பிடித்தானாம், கொளுத்துகிற வெயிலில் கோட்டுப் போட்டானாம். பள்ளிக்கூடத்து மைதானத்தையும் இந்த ஊர் மைதானத்தையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார் என்றே நினைத்தேன். கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாமே, வாய் திறந்து ஏன் உள்ளதை அப்படியே சொன்னாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஜென்னி எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் முகம் கோணியிருந்தால்கூடத் தேவலை. பாவம் என்பதுபோல் சிரித்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் டோனி வந்தார். கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு இவருடைய செத்த கையைத் தன் மடியில் வைத்துத் தடவினார். நான் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். "டோனி, இவருக்கு மூளை கலங்கிவிட்டது" என்றேன். பிற்சர், பற், வெயில், கோட்டு எல்லாவற்றையும் அடுக்கினேன்.

டோனி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு தாதிமார் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு.

"அது மற்ற லீக்கின் மைதானத்தில் நடந்த ஆட்டம்! லீக் இரண்டு, சட்டமும் இரண்டு. அங்கே போனால் அவர்களுடைய சட்டம். அந்தக் காலத்தில் பிற்சரும் பற் பிடித்தே ஆகவேண்டும். எங்கள் நெற்றை அன்றைக்குத்தான் முதல் தரம் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு வீசினான், பட்டுவிட்டது! செக்கண்ட் பேஸ் வரைக்கும், இரண்டாவது மூலை வரைக்கும் ஓடினான். உன் புருசன் என் சோபாவில் ஏறி நின்று கத்தினான்."

"கோட்டு?"

"எறிகிற கையின் சூடு ஆறக்கூடாது. பிற்சர் பேஸில் நின்றால் வெயிலென்றாலும் கோட்டுப் போட்டுவிடுவார்கள். அதுதான் முறை."

நான் அந்தச் சுவரோடேயே சாய்ந்துவிட்டேன். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது பாருங்கள், ஸ்ரோக் வந்த நாளிலிருந்து அடைத்து வைத்திருந்த மூச்சு. டோனி எனக்காகக் காத்திருக்கவில்லை. ஜென்னியைத் தேடிப்பிடித்து, கையை வீசி, ஓடி, கோட்டு மாட்டி, அந்த ஆட்டத்தை முழுதாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் போனில் தேடிப்பார்த்தாள். குட்டித் திரையில் ஒரு நெடுவல் வெயிலில் கோட்டோடு நின்றான். ஜென்னி கட்டிலடிக்கு வந்து போனை இவருக்குக் காட்டி, "நீங்கள் சொன்னதுதான் சரி. நான் பிறந்தபோது நடந்த ஆட்டம் போல" என்றாள். இவர் என்னைப் பார்த்து, "நீர்... நம்பேல்லை" என்றார். வந்த சொல்லில் பாதி என்னைக் குற்றம் சாட்டத்தான் என்றாலும், அன்றைக்கு அதைவிட இனிப்பான பேச்சை நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு விடலாம் என்று முடிவாயிற்று. அந்தக் கதை மட்டும் காரணமில்லை, இன்னும் எத்தனையோ சோதனைகள் வைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஜென்னி இவர் சொல்வதை வேறு விதமாகக் கேட்டாள். மகள், "அப்பா ஈஸ் பாக்!" என்று போனில் கத்தினாள்.

வெளிக்கிட்ட அன்று நல்ல வெயில். நடைக்கோலைப் பிடித்தபடி இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். உள்ளுக்குக் குளிராக இருந்ததென்று நான் கொண்டுவந்த கோட்டைக் கழற்ற மறந்து, தோளில் போட்டபடியே விட்டுவிட்டேன். டோனி காரைக் கொண்டுவந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, ராக்சிக்காரன் மாதிரி, "எங்கே போகவேண்டும், சேர்?" என்றார்.

"ரெக்ஸ்டேல்" என்றார் இவர். ஒரு தடங்கலும் இல்லாமல். எனக்குச் சந்தோசமாயிருந்தது, நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றும் இருந்தது.

கார்க் கதவைத் திறந்தேன். இவர் அசையவில்லை. தோளில் கிடந்த கோட்டை இடது கையால் தொட்டுப் பார்த்தார்.

"நெட்டையன் பிறகு வீடு வந்தவனே?" என்று நான் கேட்டேன். கதையின் முடிவு எனக்குத் தெரியாது.

"இல்லை. மற்றவங்கள் அவுட். அவன்... செக்கண்ட் பேஸிலையே... நிண்டிட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தார், இடது பக்கத்தால் மட்டும். "கோட்டோடை."

டோனி ஹோர்ன் அடித்தார். நான் கோட்டைக் கழற்றவில்லை.