எத்திராஜ் கேட்ட கார்டு

நம் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்ஆப் குழுவில், காலையில் இட்லி தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, ஒரு போஸ்டரின் படம் வந்தது. பெயரைப் படிப்பதற்கு முன்பே எழுத்தைப் பார்த்துவிட்டேன். ‘கண்ணீர் அஞ்சலி’யில் இரண்டு ணகரமும் பக்கத்து எழுத்துகளை நெருக்கிக்கொண்டு தடியாக உட்கார்ந்திருந்தன. அந்த எழுத்தை வரைந்தவன் எத்திராஜ். கீழே இருந்த போட்டோவும் எத்திராஜுடையதுதான். குழுவில் நாற்பது பேர் கைகூப்பும் பொம்மையைப் போட்டிருந்தார்கள். நானும் ஒன்றைப் போட்டேன்.

அவனும் நானும் கல்பாக்கத்தில் கருவிகள் பழுதுபார்க்கும் பிரிவில் ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். அவன் சதுரங்கப்பட்டினத்துக்காரன். அணுபுரம் குவார்ட்டர்ஸில் டிவியோடு இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருந்தான். அதில் தமிழ் கிடையாது. கட்டம் போட்ட நோட்டில் புள்ளி புள்ளியாக எழுத்துகளை வரைந்து அவனே அதில் ஏற்றினான். ஒரு எழுத்துக்கு எட்டுக்கு எட்டுப் புள்ளிதான் இடம். ண மட்டும் அடங்கவில்லை.

“மூணு சுழி போட்டா இடம் பத்தல மச்சான். இன்னா பண்றது? ரெண்டு கட்டம் குடுத்துட்டேன். குண்டாவே இருந்துட்டுப் போவட்டும்” என்றான்.

பிறகு பெரிய கம்ப்யூட்டர்கள் வந்தன. அதே எழுத்துகளை, அதே குண்டு ணகரத்தோடு, அவற்றுக்காக மறுபடி வரைந்தான். தமிழில் தட்டச்சு செய்யவும், சின்னக் கம்ப்யூட்டரில் எழுதிய பழைய கோப்புகளைப் புதியது படிக்கும்படி மாற்றவும் ஒரு புரோகிராம் எழுதினான். எல்லாவற்றையும் ஒரு ஃப்ளாப்பியில் அடக்கி, ‘வாயலூர்’ என்று பக்கத்து ஊரின் பெயரை வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தான்.

அதைத் திறந்தால் முதலில் ஆறு வரிகள் வந்து நிற்கும். ‘இது இலவசம். யாருக்கும் கொடுக்கலாம். பிடித்திருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். எந்த ஊர் என்று எழுதுங்கள். இதில் என்ன எழுதினீர்கள் என்றும் எழுதுங்கள். எத்திராஜ், அணுபுரம்.’ பத்து எண்ணும்வரை திரை நகராது. “டப்பு வாணாம். நம்ப எழுத்து எங்கெங்க போச்சுன்னு தெரிஞ்சா போதும்” என்பான்.

செங்கல்பட்டில் ஓர் அச்சகக்காரருக்கு அந்த ஃப்ளாப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஒரே வாரத்தில் அவர் அலுத்துக்கொண்டார். “எழுத்து நல்லா கீது சார். ஆனா தொறக்கற ஒவ்வொரு வாட்டியும் அந்தக் கார்டு வந்து நிக்குது. கஸ்டமரு பின்னால நின்னுகினு கீறாரு. பேஜாரா கீது.”

சோதித்துப் பார்க்கச் சொல்லி எத்திராஜ் புரோகிராமின் மூல நிரலை என்னிடம் கொடுத்திருந்தான். ஒரு மதியம் உட்கார்ந்து ஆறு வரிகளையும் எடுத்துவிட்டு, புதுப் பிரதியை அச்சகக்காரரிடம் கொடுத்தேன். எத்திராஜிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று தெரியும். அங்கிருந்து திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், மாமல்லபுரம் என்று அச்சகம் அச்சகமாகப் போனது நான் கொடுத்த பிரதிதான். எத்திராஜ் கையால் கொடுத்த நாலைந்து ஃப்ளாப்பிகள் யார் வீட்டு டிராயரில் கிடந்தனவோ, தெரியாது.

ஸ்டாஃப் பஸ்ஸில் அவன் எப்போதும் ஜன்னல் ஓரம். கல்யாண போஸ்டர், காதுகுத்து போஸ்டர், சாவு போஸ்டர் எல்லாவற்றிலும் ணகரத்தைத் தேடுவான். “தோ பாரு, அது என்னுது” என்பான். முதல் வருடம் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான். தபால்காரரிடம் தினமும் விசாரித்தான். பிறகு விசாரிப்பதை நிறுத்திவிட்டான். ஒரு நாள் வெங்கப்பாக்கம் தாண்டும்போது சொன்னான்: “அம்மாம் செவுத்துலயும் என் எழுத்து கீது. ஒருத்தன் ஒரு கார்டு போட்டானா? ஜனங்க அவ்ளோதான் மச்சான்.”

“ஆமாப்பா, காலம் அப்டி ஆயிடுச்சு” என்றேன் நான். பாவி, அப்படித்தான் சொன்னேன்.

பல வருடம் கழித்து, பொத்தேரியிலிருந்து ஒரு டீச்சர், செங்கல்பட்டு அச்சகக்காரரிடம் விசாரித்து, அவன் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். “எங்கப்பா எழுதுன ஜெபப் பாட்டுங்க சார். இந்த எழுத்துலதான் அடிச்சி வெச்சாரு. இப்ப தொறந்தா கட்டங்கட்டமா வருது. அவுரு போய்ட்டாரு. வேற பிரதி இல்ல” என்றார். அந்தக் கோப்பில் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல் எத்திராஜின் நோட்டில்தான் இருந்தது. அதை வைத்து மாற்றிக் கொடுக்க அவனுக்கு இரண்டு நாள் வேலைதான்.

“உங்கப்பா எனக்கு ஒரு கார்டு போட்டாரா?” என்று கேட்டான்.

“எந்தக் கார்டு சார்?”

“அப்ப வுடும்மா.” அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. யார் ரேடியோ ரிப்பேர் என்று வந்தாலும் சாப்பிட்டுப் போகச் சொல்கிறவன் அவன். அந்தக் கல் மனசு அவனுக்கு நான் வைத்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தன் அப்பாவின் பாட்டுகள் கிடைத்திருக்கும்.

சாவு வீட்டில் அவன் மனைவி சரோஜா என்னைப் பார்த்ததும் அழுதாள். “ஊருக்கே எழுத்து குடுத்தாரு அண்ணே. ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. அதையே சொல்லிகினே போய்ட்டாரு.” இதைப் படிக்கும் குழு நண்பர்களே, உங்களில் சிலரும் அங்கே நின்று, நன்றி கெட்ட உலகம் என்று தலையாட்டினீர்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. போஸ்டர் அடித்த அச்சகக்காரர் வேறு ஒருவர்; அவரிடம் அது யாருடைய எழுத்து தெரியுமா என்று கேட்டேன். “மெஷினோட வந்துச்சி சார்” என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஜனங்கள் நன்றி கெட்டவர்கள் என்று நம்பிக்கொண்டே எத்திராஜ் செத்துப்போனான். அவன் கேட்டது அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. கேட்டதை மறைத்தவன் நான். சரோஜா இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

அவன் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஆறு வரிகள். எடுப்பதற்கு முன் ஒரு தாளில் அச்சடித்து ஃபைலில் வைத்திருந்தேன். எதையும் ஜாக்கிரதையாகச் செய்கிறவன் நான். அதே ஃபைலில் என் மகளின் கல்யாணப் பத்திரிகையும் இருக்கிறது. ‘திருமண அழைப்பிதழ்’ என்பதில் அந்தக் குண்டு ணகரம் இருக்கிறது. அந்த எழுத்தில் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர்களில் அந்த ஆறு வரிகளைப் படித்திருந்தவன் நான் ஒருவன்தான். நானும் அவனுக்கு ஒரு கார்டு போடவில்லை.