இடுப்புக்கு ஒரு தோல் பெல்ட்

ஸ்டீராய்டு ஊசி, புரோட்டீன் பவுடர் எதுவும் இல்லாத காலத்துப் பயில்வான்களின் படங்களைப் போனில் பார்த்துத்தான் எடை தூக்க ஆரம்பித்தேன். எல்லார் இடுப்பிலும் அகலமான தோல் பெல்ட். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவனுக்கு அப்படி ஒன்று செய்துகொள்வது ஒரு வேலையா?

மிருதுவாக இருந்தால்தான் நல்ல தோல் என்பது எங்கள் தொழில் புத்தி. கம்பெனியில் கழித்துப் போட்ட தோலில் மிருதுவானதாக எடுத்து வெட்டிக் கட்டினேன். முதல் தூக்கிலேயே ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டது.

தையல் பிரிவு அக்கா சிரித்தார். "இன்னாப்பா, அது காலுக்கு. இடுப்புக்கு மாட்டோட முதுகுத் தோல் எடுத்துனு வா, அதான் இழுத்துக்காது."

கொண்டுபோனதை, தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து இரண்டு மடிப்பாகத் தைத்துக் கொடுத்தார். இன்றும் அதைத்தான் கட்டுகிறேன்.

அந்தப் பழைய படங்களை இப்போதும் பார்க்கிறேன். பெல்ட் தைத்தவர்கள் ஒரு படத்திலும் இல்லை.