ஆபீசர் வந்த அன்று ஊரில் ஈ இல்லை

ஈயைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே என் கை தானாக வாயைப் பொத்திக்கொள்கிறது. நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சுற்றிலும் கோழிப்பண்ணைகள். அதில் பெரிய பண்ணை எங்கள் தோட்டத்து வேலியை ஒட்டியே இருக்கிறது. மேலே கூண்டில் கோழி, கீழே மலைமலையாக எரு. மழை பெய்து அந்த எரு நனைந்துவிட்டால் போதும், எங்கு பார்த்தாலும் ஈதான். காபி டம்ளரில் ஈ, கொடியில் காயும் துணியில் ஈ, சாமி படத்துக்கு வைத்த பூவில் ஈ. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ஒன்று கூடவே உள்ளே போய்விடும். கருமம்! அதைத் துப்பிவிட்டு அதே தட்டில் மறுபடி சாப்பிட நாங்கள் பழகியிருந்தோம். அதை நினைத்தால் ஈயைவிட எங்கள்மேல்தான் எனக்கு அருவருப்பு அதிகம்.

பண்ணை முதலாளிக்கு நாமக்கல்லில் வீடு. அவர் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவர் பண்ணையில் வேலை செய்கிறார்கள், மீதிப் பேர் அவருக்கு மக்காச்சோளம் போடுகிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து அவரை ஏழு தலைமுறைக்கும் திட்டுவார்கள். அவர் கார் வந்து நின்றால் வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிடுவார்கள். நானும் அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டு, அந்த ஈயோடுதான் குடித்தனம் நடத்தினேன். என் மகள் பிரசவத்துக்கு வரும்வரை எனக்கும் பெரிதாகக் கோபம் வந்ததில்லை.

கல்யாணமாகி சேலம் அஸ்தம்பட்டிக்குப் போன பிறகு அவள் என் வீட்டில் சேர்ந்தாற்போல் தங்கியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், சாயங்காலம் கிளம்பிவிடுவாள். பிள்ளை பெற்று, மூன்றாம் மாதம் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்வரை அவள் எனக்குத்தான் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆண் குழந்தை. அடைமழை பிடித்த நேரம். தூளிக்குமேல் வலை கட்டினேன், வாசல் கதவை அடைத்தே வைத்தேன். பால் கொடுக்க அவள் வலையை விலக்கும் அந்த நேரத்துக்குள் குழந்தையின் கண்ணோரத்தில், உதட்டில், பால் ஒழுகிய மோவாயில் ஈ வந்து அப்பிக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்குக் கையால் விரட்டவா தெரியும்? முகத்தைச் சுளித்துச் சுளித்து அழும். குழந்தை படுத்திருக்கும் வீட்டுக்குள் மருந்தடிக்கவும் முடியாது. வேலியோரம் முழுக்க அடிக்க ஒரு குடும்பத்தால் ஆகாது, என் வீட்டுக்காரரோ போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார்.

குழந்தைக்கு ஒருமுறை பேதியாகி ஆஸ்பத்திரியில் வைத்துக் கூட்டி வந்தோம். அதைக் கேட்டுச் சம்பந்தியம்மா பதறிப்போய் வந்தார். நான் கொடுத்த காபியை வாங்கி, உள்ளே மிதந்த ஈயைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. இதுக்குள்ள பச்சப்புள்ளைய எப்படிங்க வெச்சிருக்கறது? நாங்க கூட்டிட்டுப் போயிர்றோமுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கோபம் வந்தது.

"கிராம சபை வருதுங்க. ஒன்றியத்து ஆபீசரே வாராரு. ஊரே சேந்து இந்த ஈயப் பத்திக் கேக்கப்போறோம். அது முடியற வரைக்கும் பொறுங்க" என்று கெஞ்சினேன். நல்ல மனுஷி. சரி, கூட்டம் முடியட்டும் என்று ஒத்துக்கொண்டு போனார்.

அப்புறம் நான் ஒன்றிய ஆபீசுக்கு ஒரு புகார் எழுதிப் போட்டுவிட்டு, வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லாரும் கேட்போம் என்றார்கள். எதிர்வீட்டுக்காரி ஒருபடி மேலே போனாள். என்னை அக்கா அக்கா என்று வளையவருபவள், ஈயைத் திட்டாமல் ஒருநாள் பொழுது போகாது அவளுக்கு. "மொதல்ல நானே எந்திரிச்சுப் பேசறனுங்க்கா. புடிபுடின்னு புடிச்சுப்போடறேன் பாருங்க" என்று சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னாள்.

கூட்டத்தன்று காலையில் கோயில் முன்னால் போய்ப் பார்த்தேன். பந்தல் போட்டு, சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் கோலம் மாதிரி இழுத்திருந்தார்கள். பண்ணையிலிருந்தே டிராக்டரில் ஸ்பிரேயர் வந்து தெரு முழுக்க மருந்து அடித்துக்கொண்டிருந்தது. வேப்பந்தழைப் புகை கண்ணைக் கரித்தது. செத்த ஈக்களைக் கூட்டி அள்ளிக் கூடை கூடையாகக் குழிக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி பினாயில் வாளியோடு பந்தல் வாசலில் நின்றாள்.

"ஏந் தங்கச்சி, இதென்ன கூத்து?"

"அதுக்காவ, ஊருக்கு வர்ற ஒறம்பரைய ஈக்குள்ளயா உக்கார வெக்கறதுங்க்கா? நம்மளையில்ல காறித் துப்புவாங்க?"

"அவரு ஒறம்பரை இல்ல புள்ள. ஈ இருக்குதான்னு பாக்க வர்ற ஆபீசரு!"

"யாரா இருந்தா என்னுங்க்கா. வந்தவங்க வந்தவங்கதானே."

எங்கள் பக்கத்தில் இது ரத்தத்திலேயே ஊறிப்போன சமாச்சாரம். ஒறம்பரை என்று வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கடன் வாங்கியாவது நெய் ஊற்றுவார்கள், இருக்கிற ஒரே நல்ல பாயை விரிப்பார்கள். நல்ல பழக்கந்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் புகாரை விசாரிக்க வருகிறவருக்கும் அதையே செய்து, புகாரையே கூட்டிப் பெருக்கிக் குழியில் கொட்டுகிற ஜனத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. நான் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை.

ஆபீசர் வந்தார். சால்வை, மாலை, இளநீர். மைக்கைப் பிடித்து ஒன்றியத்தில் நடந்த வேலைகளை வாசித்தார். தண்ணீர்த் தொட்டிக்கு ஒழுங்காகக் குளோரின் போடப்படுகிறது, டெங்குவுக்கு வீடு வீடாக ஆள் அனுப்பியிருக்கிறோம், தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். அதுவரை சரி. அப்புறம் பந்தலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த ஊர்ல ஈத் தொல்லைன்னு புகார் வந்திருந்தது. நானே நேர்ல பார்க்கறேன், ஒரு ஈ கூட இல்லை. ஊர் மக்களுக்கும் பண்ணை நிர்வாகத்துக்கும் பாராட்டுகள். எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள்! எதிர்வீட்டுக்காரியும் பினாயில் நாறுகிற கையால் தட்டினாள். சீ, இதெல்லாம் ஒரு ஜென்மமா என்றிருந்தது எனக்கு.

நான் எழுந்தேன். "சார், இன்னைக்குக் காத்தால மருந்தடிச்சாங்க சார். நேத்து வந்திருந்தீங்கன்னா உங்க வாய்க்குள்ளயே ஈ போயிருக்கும். எங்க ஊட்ல கொழந்தை…" என்று சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அம்மணி, உக்காருங். வந்த மனுசங்கிட்ட இதையெல்லாமா பேசறது?" என்று அதட்டினார். ஆபீசர் என் பேச்சைத் தட்டிக்கழிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "வேற யாருக்காவது ஈப் பிரச்சினை இருக்குங்களா?" என்று கேட்டார். ஒருத்தர் துண்டை உதறி மடித்தார். ஒருத்தர் போனைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். ஊரில் சுகாதாரம் திருப்தி என்று தீர்மானம் போட்டார்கள். பண்ணை செலவில் எல்லாருக்கும் முட்டை போண்டா.

அதை வாங்காமல் நேராக ஆபீசரிடம் போனேன். "சார், கோவத்துல பேசிட்டேன். எங்க ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகோணும்." அவர் மறுத்தார். ஊர் விடவில்லை. ஆள் சமாதானமாகிவிட்டாள் என்ற சந்தோஷத்தில், "போயிட்டு வாங்க சார், அக்கா கைப்பக்குவம் அப்படி" என்று அவர்களே அவரை அனுப்பி வைத்தார்கள். வந்தவங்க வந்தவங்கதானே. இருக்கட்டும் என்று கறுவிக்கொண்டேன்.

தோட்டத்துப் பக்கம் யாரும் மருந்தடிக்கவில்லை. வாழை இலை போட்டு, சோறு வைத்து, பருப்பு ஊற்றினேன். நெய்க்கிண்ணத்தை எடுத்து வருவதற்குள் ஈ மொய்த்து இலை கறுத்துவிட்டது. மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தும் சோற்றோடு ஒட்டிக்கொண்டு அசையவில்லை. ஆபீசரின் கண்ணாடியில், காதில், நெற்றிக் குங்குமத்தில் எல்லாம் ஈ.

"சாப்பிடுங்க சார். நாங்க தெனமும் இப்படித்தானுங்க சாப்பிடறோம்."

அவர் ஒரு வாய் வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாய்க்குக் கை போகவில்லை. உள்ளறையில் என் மகள் வலைக்குள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு துண்டை வீசிக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளையையும் தாயையும் இங்க வெச்சிருக்காதீங்க. வேற எங்கயாவது அனுப்பிருங்க" என்றார்.

"இதையே அங்க மைக்குல சொல்லுங்க சார். வாங்க, நானும் கூட வாரேன்."

"அங்கதான் தீர்மானம் போட்டாச்சுங்களே. ஊரே கை தட்டுச்சுங்களே. இனி நான் எதை வெச்சுப் பேச?"

கை கழுவினார், கும்பிட்டார், ஜீப்பில் ஏறினார்.

உள்ளே திரும்பினால் மகள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "ஆபீசரே சொல்லிட்டாருங்கம்மா" என்றாள். அஸ்தம்பட்டிக்குப் போனும் போட்டுவிட்டிருந்தாள். சாயங்காலமே அஸ்தம்பட்டியிலிருந்து கார் வந்தது. சம்பந்தியம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, குழந்தையை முந்தானையால் மூடி வாங்கிக்கொண்டார். கார் திரும்பிப் போன பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மகளையும் பேரனையும் நானே பிரித்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எதிர்வீட்டுக்காரி வந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க்கா, ஆபீசரு பாதிச் சோத்துல எந்திரிச்சிட்டாராமே? ஊட்டுக்குக் கூப்புட்டு ஒரு மனுசனை அப்படிப் பண்ணலாமுங்களா? நம்ம ஊரு மானமே போச்சு."

"எம் பேரனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க புள்ள" என்றேன்.

அவளுக்கு நிஜமாகவே வருத்தம். என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அட கெரகமே! சம்பந்திக வாராங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, டிராக்டரைக் கூப்புட்டு உங்க வேலியோரம் பூராவும் மருந்தடிச்சு உட்டிருப்போமுங்க்கா. ஊரே வந்திருக்குமே!"

"அவன் பொறந்ததுல இருந்து இங்கதானே புள்ள கெடந்தான்? அவனுக்கு அடிச்சு உட்டிருக்கலாமல்ல?"

அவள் என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"அவன் நம்ம ஊட்டுப் புள்ளைங்க்கா" என்றாள். "அவனுக்கு எதுக்கு அதெல்லாம்?"