ஜெல்லிமீன் விழுங்கிய சாவி

என் அண்ணி வீடியோ கேம் விளையாடிச் சம்பாதிக்கிறார். இப்படிச் சொன்னால் அம்மாவுக்குப் பிடிக்காது. சொந்தக்காரர்கள் விசாரித்தால், "ஆபீஸ்ல செக்கிங்" என்று முடித்துக்கொள்வார். இரண்டுமே உண்மைதான்.

பழைய கையடக்க வீடியோ கேம்களை மறுபடி வெளியிடும் சிறிய நிறுவனம் அது. மாதச் சந்தா கட்டுகிறவர்கள் அவற்றைப் போனிலும் டிவியிலும் விளையாடலாம். சேகரிப்பவர்களுக்கு அழகான பெட்டியிலும் விற்பார்கள். அண்ணியின் மேசையில் இடப்பக்கம் பழைய கருவி, வலப்பக்கம் புதியது. இரண்டிலும் ஒரே இடத்தை விளையாடி, வித்தியாசம் இருந்தால் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு முன்பு மருந்து பாட்டில் தொழிற்சாலையில் இருந்தார். விளக்கு வெளிச்சத்தின் முன்னால் நகர்ந்து போகும் பாட்டில்களில் கீறல் தேடும் வேலை. சின்ன வயதில் வீடியோ கேமைத் தொட்டதே இல்லை. அதனால்தான் இந்த வேலை கிடைத்தது என்பார். மற்றவர்கள் திரையைப் பார்க்கும்போது கூடவே தங்கள் பள்ளிக்கூட நாட்களையும் பார்த்துவிடுகிறார்களாம். அண்ணிக்குத் திரை மட்டும்தான் தெரியும்.

இந்த ஆண்டு முதல்முறையாக, அடுத்து எதை வெளியிடலாம் என்று மேலதிகாரி அண்ணியைக் கேட்டார். அண்ணி தேர்ந்தெடுத்தது யாரும் பெரிதாக நினைவில் வைத்திராத ஒன்று. மூழ்கிப்போன கப்பலின் அறைகளை ஒரு பெண் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போவாள். கடைசி அறைக்கான சாவி ஒரு ஜெல்லிமீனின் வயிற்றுக்குள் இருக்கும்.

அங்கேதான் சிக்கல். பழைய கருவியில் ஜெல்லிமீன் கண்ணாடிபோல் இருந்தது; சாவி உள்ளே மங்கலாகத் தெரிந்தது. புதியதில் அது கண் கூசும்படி விட்டுவிட்டு மினுக்கியது. 'அவசரம்' என்று அலுவலகத்தில் பெயரெடுத்த புரோகிராமர் மினுக்கலை நிறுத்தினார். ஜெல்லிமீன் பூசணிக்காய் மாதிரி கெட்டியாக நின்றது. சாவியைக் காணோம். முன்னோட்டமாக விளையாடிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் இதற்குப் பதிலாக ஒரு கார் பந்தய கேம் வெளியாகும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் இனி அண்ணியை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள். அதை மேலதிகாரி சொல்லவில்லை, அண்ணிக்கே தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கருவிகளையும் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து, போன் கேமராவால் திரைகளைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்தேன். புதிய திரையின் படங்களில் ஒன்றில் ஜெல்லிமீன் முழுதாக இருந்தது; அடுத்ததில் ஆளையே காணோம். பழைய திரையின் படங்கள் எல்லாவற்றிலும் பாதி கரைந்தாற்போல் இருந்தது.

"ஜெல்லிமீன் கண்ணாடியே இல்ல," என்றார் அண்ணி. "ஒரு நொடிக்குள்ள பல படம் ஓடுது. ஒண்ணுல மீனை வைக்கிறாங்க, அடுத்ததுல எடுத்துடுறாங்க. பழைய திரை மந்தம். முதல் படம் போறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. ரெண்டும் கலந்து கண்ணாடியாத் தெரியுது."

"அப்ப அந்தக் கண்ணாடி மீனை வரைஞ்சது யாரு அண்ணி?"

"அதான் தெரியல!" முகத்தில் கவலையைவிட ஆர்வம்தான் இருந்தது.

எதிரே பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் புதிய கருவியை நீட்டினார். "அத்தை, இதுல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"உன் வேலைய நான் பாத்தா சம்பளத்துல பாதி தருவியா?"

"தரேன், பாருங்க."

"ஐயே, போகப்போற டியூப்லைட் மாதிரி மினுக்குது. எடு அந்தப் பக்கம்."

அடுத்து, 'அவசரம்' காலையில் அனுப்பியிருந்த இன்னொரு மாற்றத்தைக் காட்டினார். புதிய திரை முழுவதையுமே மந்தமாக்கும் மாற்றம் அது. அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இன்னும் அழுக்காவே இருக்கே."

கடைசியாகப் பழைய கருவி. அம்மா பட்டாணியை விட்டுவிட்டுக் குனிந்தார். "பாவம், எதையோ முழுங்கித் தொலைச்சிருக்கு. சாவியா அது?"

அண்ணி உடனே 'அவசரம்' தம்பிக்குப் போன் போட்டார்.

"ஜெல்லிமீனை மட்டும் கண்ணாடி மாதிரி வரைஞ்சுடலாம்க்கா," என்றது ஸ்பீக்கர். "அன்னிக்கே சொன்னேன். நீங்கதான் தொடக்கூடாதுன்னீங்க."

"தொட்டா நம்ம படம் ஆயிடுமே தம்பி. அவங்க புரோகிராம்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்ல."

"புரோகிராமை உட்காந்து பாத்தது என்னைத் தவிர யாருக்கா? மத்தவங்க பாத்ததெல்லாம் திரையைத்தானே."

பாட்டிலில் கீறல் இருக்கும், அல்லது இருக்காது. இது இரண்டிலும் சேராத சங்கதி. அண்ணி பழைய கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வரைங்க," என்றார் கடைசியில். "ஆனா பழசைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான். எவ்வளவு மங்கல்னு நான் சொல்றேன்."

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவர், முதல்முறையாக ஒரு வித்தியாசத்தை உண்டாக்க ஒப்புக்கொண்டார். அந்த வாரம் முழுக்க, மங்கலைக் கூட்டு, மங்கலைக் குறை என்று இருவரும் மல்லுக்கட்டினார்கள். அண்ணி வீடு திரும்பும்போதெல்லாம் அம்மா, "மீனுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி தானே விளையாடிப் பார்த்தார். சாவியைக் கண்டார், எடுத்தார், கடைசி அறையைத் திறந்தார். ஜெல்லிமீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அண்ணிக்குக் கிடைத்த பாராட்டு. விளையாட்டு வெளியானது.

வெளியான அன்று வந்த முதல் கருத்தை அண்ணன் உரக்கப் படித்தார்: "சின்ன வயசுல இருந்து விளையாடுறேன். ஒரிஜினல்ல ஜெல்லிமீன் மினுக்கும். அதைக் கெடுத்துட்டீங்களே!"

"யாருடா அவன்?" அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இங்க வரச் சொல்லு. நான் காட்டுறேன்!"

அண்ணி போனை வாங்கிப் பதில் எழுதினார். தோளுக்கு மேலாகப் பார்த்தேன். 'எந்தக் கருவியில் விளையாடினீர்கள்? இன்னும் வைத்திருந்தால், திரையைப் படமெடுத்து அனுப்ப முடியுமா?'

"திட்டுறவன்கிட்ட போட்டோ கேக்குற ஆளை இப்பதான் பாக்குறேன்," என்றார் அம்மா.

"அவர் சொல்றது நிஜமா இருந்தா, அத்தை," அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், "நான் பாக்காத திரை இன்னொண்ணு இருக்கு."