நீல டிக்

காலையில் எழுந்ததும், இறந்துபோன தம்பியின் கைப்பேசியில் அவனுடைய ராக் பேண்டின் வாட்ஸ்அப் குழுவைப் படித்தேன். ஏழு மாதமாக இதுதான் என் முதல் வேலை.

அம்மா சொன்னபடி அந்த எண்ணை ரத்துசெய்ய மதியம் தேக்காவிலுள்ள கைப்பேசிக் கடைக்குப் போனேன். கடை வாசலில் பேண்டின் பாடகன் ஃபர்ஹான் நின்றிருந்தான்.

“கூட்டம் கூடுதுக்கா. போன ஷோ ஜாலான் புசார்ல, நிக்க இடமில்ல லா.”

“குரூப்ல இருந்து தம்பிய இன்னும் எடுக்கலையா?”

“எப்படிக்கா எடுக்கிறது? எல்லாரும் படிச்சாத்தானே டிக் நீலமாகும்? ஒவ்வொரு ஷோ மெசேஜுக்கும் ஆகுது. அதப் பாத்துட்டுத்தான் மேடை ஏறுவோம்.”

“யாரு படிக்கிறாங்கன்னு தெரியுமா?”

“அத மட்டும் சொல்லாதீங்கக்கா.”

கடைக்குள் போகாமலே திரும்பிவிட்டேன். அந்த எண் இருக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. நல்லவேளை, இந்தப் பதிவைப் படிக்க அவர் ஃபேஸ்புக்கில் இல்லை. நீங்கள் யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.