ஏகாம்பரம் அனுப்பிய ஐந்து வரிகள்

போன வாரம் ஒரு கல்யாணத்தில் பாயசம் வருவதற்குள் எழுந்து, கேம்ப் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். எங்கிருந்தும் பாதியில் கிளம்புவது என் பழைய வியாதி. ஒரு கேட்டில் பலகை: ‘வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்.’ நின்றுவிட்டேன். “எதை வெளியே தள்ளுதுன்னு பாரு. அது முட்டுக்கொடுத்துத்தான் வாக்கியமே நிக்குது” என்பான் பாஸ்கரன்.

பாஸ்கரன் தற்காலிக விரிவுரையாளர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சேலையூரில் அவனுடைய வாடகை வீட்டில் எனக்கும் ஒரு பாய் இருந்தது. அதற்கு முன் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சு. ஞாயிறுதோறும் சிற்றிதழ் நண்பர்கள் வருவார்கள். பேச்செல்லாம் கட்டுடைப்பு. பாரிஸில் ஒருவர் தொடங்கினாராம். அமெரிக்கப் பேராசிரியர்கள் அதை இலக்கிய விமரிசனத்துக்குள் கொண்டுவந்தார்களாம். எந்த எழுத்தும் தன்னையே மறுத்துப் பேசும், எழுதியவன் நினைத்தது கடைசி அர்த்தமல்ல என்பார்கள். எனக்குப் பாதிதான் புரியும். டீ போடுவது என் பங்கு.

வீட்டுக்காரர் ஏகாம்பரம் அந்த மனையிலேயே நெல் விளைவித்தவர். ஒருநாள் ஐந்து வரிக் கடிதம் அனுப்பினார். மகனுக்குக் கல்யாணம், தாங்கள் இருக்கும் வீட்டை மாதக் கடைசியில் தயவுசெய்து காலி செய்யவும்.

“காலி பண்ணச் சொல்றார் மச்சான்” என்றேன்.

“அது மேலோட்டமான வாசிப்பு” என்றான் பாஸ்கரன்.

மூன்று ஞாயிறுகள் வாசித்தார்கள். ‘தயவுசெய்து’ என்கிறார், ஆகவே அதிகாரம் நம்மிடம். ‘தாங்கள் இருக்கும்’ என்கிறார், நம் இருப்பை ஒப்புக்கொண்டுவிட்டார். கடிதம் நம்மை இருக்கவே சொல்கிறது என்று முடிவாயிற்று. யாரும் வேறு வீடு பார்க்கவில்லை. நானும்தான், பாய் பழகிவிட்டது.

மாதக் கடைசியன்று மத்தியானம் ஏகாம்பரம் நாலு ஆட்களோடு வந்தார். பாஸ்கரன் பொறுமையாக விளக்கினான். அவரும் படியில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

“அப்போ நான் எழுதினது இன்னான்னு சொல்ல எனக்கே பாத்தியதை இல்ல?”

“இல்ல சார். நீங்களும் ஒரு வாசகர்தான்.”

“அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட்டுக்கீறீங்களே, அதுவும் எழுத்துதானே? அதுல உங்களுக்கு வூடு குட்த்தேன்னு நான் படிக்கல. யாரு சார் நீங்க? என் வூட்ல இன்னா பண்றீங்க?”

பாஸ்கரன் முகம் மலர்ந்துவிட்டது. “அபாரமான வாசிப்பு சார்” என்று நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான். அவன் எழுதி முடிப்பதற்குள் பீரோ தெருவுக்கு வந்திருந்தது.

அவன் ஊருக்குப் போய்விட்டான். நண்பர்களின் சிற்றிதழ் அதற்குப் பிறகு வரவில்லை. அந்த வீட்டின் இடத்தில் இப்போது மூன்று மாடி. ஐந்து வரிக்காக மூன்று ஞாயிறு சண்டை போடுகிறவர்களையும் பிறகு நான் பார்க்கவில்லை.

அன்று நான் பாயைச் சுருட்டும்போது ஏகாம்பரம் கேட்டார். “நீ எத்தனாவது படிச்சிக்கீற?”

“ஒன்பதாவது.”

“அது போதும். காலைல வா.”

மறுநாள் காலை போனேன். படப்பைப் பக்கத்து நிலங்களின் பத்திரங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்து, ஒரு பத்திரத்துக்கு ஒரே ஒரு அர்த்தம் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.